மாப்பிள்ளைக் கம்பி

மகனுக்கு,

போதும் என்கிற அளவுக்கு வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். நீ துணிப்பையையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு வேப்பம்பட்டுக்கு, உன் சித்தப்பாவிடம் போனதிலிருந்து உன்னிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை, நீயும் பேசவில்லை. உன் அம்மா சமையல்கட்டில் நின்று உன்னோடு போனில் பேசும்போது, கூடத்தில் நான் பேப்பரைத் திருப்புவதை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன். நீ சாப்பிட்டாயா, சளி விட்டதா என்பதெல்லாம் எனக்கு அப்படித்தான் தெரியும். நீ ஸ்டேட்டஸில் வைக்கும் படங்களை அம்மாவின் போனில் பார்க்கிறேன். என் போனில் பார்த்தால் நான் பார்த்தது உனக்குத் தெரிந்துவிடும். அடுத்த புதன்கிழமை தோப்புக் காலனியில் நாற்பது வீடுகளை ஒப்படைக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால், அந்த நாற்பதும் விதிப்படி கட்டப்பட்டவை, புயலுக்குத் தாங்கும் என்று பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் சான்று தர வேண்டும். அந்தப் பொறியாளர் நீ. இனியும் நான் பேசாமல் இருந்தால் அதற்கு ரோஷம் என்று பெயர் வைக்க முடியாது.

நான் சந்தேகப் பிராணி என்று நீயே என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறாய். சரி. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி மில்லின் சோதனைக் கூடத்தில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்தவன் வேறு எப்படி இருப்பான்? பழைய இரும்பை உருக்கி, புதுக் கம்பியாக இழுத்து, பளபளவென்று கட்டிக் கொண்டுவந்து வைப்பார்கள். பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். அதை வளைத்துப் பார்த்து, வளைவின் வெளிப்பக்கத்தில் விரிசல் விட்டிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துத் தேடுவதுதான் என் பிழைப்பு. கம்பியை அப்படிப் பார்த்துப் பழகியவன் மனிதர்களையும் அப்படித்தான் பார்க்கிறேன். உன் சித்தப்பா உனக்கு ஏசி அறை கொடுத்தபோது ஏன் கொடுத்தான் என்று உன் அம்மாவிடம் கேட்டேன். கார் சாவியைக் கொடுத்தபோதும் கேட்டேன். பொறியாளர் பதிவுக்கு உன்னை அழைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அவனே அலைந்தபோது எனக்குத் தூக்கமே போயிற்று. என் தம்பி தன் சொந்த மகளின் பள்ளிக்கூடத்துக்குக்கூட ஒரு நாள் போனவன் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். புயல் அடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. உன் சித்தப்பா வஞ்சிரம் வாங்கிக்கொண்டு வந்தான். அவன் மீன் வாங்கி வந்தால் ஏதோ கேட்கப் போகிறான் என்று அர்த்தம். இடிந்த வீடுகளைத் திரும்பக் கட்டும் வேலை தனக்கு வரப்போகிறது, கூட ஒரு இன்ஜினியர் வேண்டும், உன்னை அனுப்பு என்றான். நான் விதிகளைப் பேசினேன். கடற்கரையிலிருந்து இத்தனை தூரத்துக்குள் கட்டும் வீட்டுக்குச் சுவர் எப்படி இருக்க வேண்டும், கதவு ஜன்னலுக்கு மேலே நான்கு சுவரையும் சுற்றி ஓடும் கான்கிரீட் பெல்ட் எப்படி இருக்க வேண்டும், கூரையை அதில் எப்படிப் பிணைக்க வேண்டும் என்று வாத்தியார் மாதிரி சொன்னேன். அவன் முள்ளை எடுத்து இலை ஓரத்தில் வைத்துக்கொண்டே, "ணா, காத்து இன்னா உன் புஸ்தகத்த படிச்சிகினா வருது?" என்றான். நீ சிரித்தாய். அவன் விடவில்லை. "கம்பிய வளைச்சி வளைச்சே நீ ரிட்டயர் ஆவப்போற. புள்ளயயாவது நிமிர வுடு" என்றான். நீ மறுபடியும் சிரித்தாய். எனக்கு அவன் சொன்னது வலிக்கவில்லை, நீ இரண்டாவது தடவை சிரித்ததுதான் வலித்தது. அதனால்தான் அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை உன் மேல் எறிந்தேன். இவன் போடுகிற கையெழுத்தை நம்பி நான் ஒரு கோழிக்கூண்டுகூடக் கட்ட மாட்டேன் என்றேன். நீ கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்ப் பையைக் கட்டினாய்.

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் நான் மனத்தில் வைத்துக்கொள்கிறவன். உன் சித்தப்பா புதுமனைப் புகுவிழாப் பத்திரிகையில் என் பெயரை அவன் மைத்துனன் பெயருக்குக் கீழே அச்சடித்தது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. மேனேஜர் நாற்காலி எனக்கு வர வேண்டிய வருடத்தில், பேசத் தெரிந்த ஒருவனுக்குப் போனதும் நினைவிருக்கிறது. இவற்றை எல்லாம் ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றால், நான் சொல்லப்போவதைக் கேட்டு, இது அப்பாவின் பழைய கோபம் என்று நீ தள்ளிவிடக் கூடாது. கோபம் இருக்கிறது. அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியைப் படி.

எஸ்தரை உனக்குத் தெரியும். எங்கள் மில் கேன்டீனில் பதினைந்து வருடமாக டீ போடுகிறவர். நீ பாலிடெக்னிக் படித்தபோது லீவில் என்னைப் பார்க்க வந்தால் உனக்கு மட்டும் சர்க்கரை தூக்கலாகப் போட்டுத் தருவார். அவருடைய தாத்தா காலத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம், இப்போது வீட்டுக்கு ஒருவர் சிப்காட்டில் ஏதாவது ஒரு கம்பெனி வாசலில் பேட்ஜ் மாட்டிக்கொண்டு நுழைகிறார்கள். தோப்புக் காலனியில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. புயலில் கூரை பறந்து, அந்தப் பக்கத்துச் சுவர் சாய்ந்து, அவர் வீட்டுக்காரர் தேவராஜின் இடுப்பில் விழுந்தது. அந்த மனிதர் லோடு ஏற்றுகிறவர். இப்போது கம்பு ஊன்றி, சர்ச் வரைக்கும் நடந்தால் பெரிய விஷயம். பத்து மாதமாக அவர்கள் தார்ப்பாய் கட்டி, எஸ்தரின் அக்கா வீட்டுச் சுவரோரம் ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

போன வாரம் டீ கொண்டுவந்த எஸ்தர் கிளாஸை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். புதன்கிழமை சாவி தரப் போகிறார்களாம். உன் பெயரைக் கேட்டதும் தனக்கு உயிரே வந்தது என்றார். "நீங்க கம்பிய வளைச்சி பாக்கற ஆளு. உங்க புள்ள சும்மா போடுமா சார் கையெழுத்து? தம்பி போட்டா போதும், நான் வேற ஒண்ணும் பாக்க மாட்டேன்" என்றார். பிறகு, குறை சொல்கிற மாதிரி தெரியக் கூடாதே என்று ஜாக்கிரதையாக, ஒன்று மட்டும் புரியவில்லை என்று தொடங்கினார். கட்டும் சமயத்தில் தேவராஜை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு இவர் வேலையை வேடிக்கை பார்த்திருக்கிறார்.

"பெல்ட்டு போடற அன்னிக்கி கம்பி கட்டி செவுத்து மேல வெச்சாங்க சார். போட்டோ புடிச்சாங்க. புடிச்சதும் கம்பிய அப்டியே தூக்கினு பக்கத்து ஊட்டாண்ட போய்ட்டானுங்க. இன்னாடா, எங்க ஊட்டு கம்பிய எங்க எத்தினு போறீங்கன்னேன். 'இது மாப்ள கம்பி க்கா. எல்லா ஊட்டுக்கும் போயி தலய காட்டணும்'ன்றான். ஒரே சிரிப்பு. வேற கம்பி வருமாக்கும்னு நான் அவருக்கு நாஷ்டா வாங்கப் போய்ட்டேன். வந்து பாத்தா கான்கிரீட்டு ஊத்தி முடிச்சிட்டாங்க. வேற கம்பி போட்டிருப்பாங்கல்ல சார்?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைக்கிறாய்? டீயைக் குடித்தேன். போட்டிருப்பார்கள் என்றேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவின் போனை வாங்கி, நீ ஸ்டேட்டஸில் வைத்து அவள் சேமித்து வைத்திருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினொரு வீடுகளின் பெல்ட் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் வீட்டு எண், தேதி, உன் பெயர். அழகாகத்தான் எடுத்திருக்கிறாய். ஆனால் லாரியில் கம்பி நீட்டிக்கொண்டு வரும்போது பின்னால் வருகிறவனுக்குத் தெரிய நுனியில் சிவப்புத் துணி கட்டுவார்கள் இல்லையா, அந்தத் துணியை அவிழ்க்க மறந்திருக்கிறார்கள். கட்டம் போட்ட பழைய லுங்கியிலிருந்து கிழித்த துண்டு, ஒரு மூலை மட்டும் தீயில் பொசுங்கியது. முதல் வீட்டுப் படத்தில் அது கிழக்குச் சுவரில் தொங்குகிறது. நான்காம் வீட்டில் ஜன்னலுக்கு மேலே. ஒன்பதாம் வீட்டில், படத்தின் ஓரத்தில் விழுந்திருக்கும் உன் கட்டை விரலுக்குப் பக்கத்திலேயே. ஒரே துணி, ஒரே முடிச்சு, ஒரே பொசுங்கல். பதினொரு வீட்டையும் ஒரே கம்பி சுற்றி வந்திருக்கிறது. மீதி இருபத்தொன்பதுக்கும் அதுதான் போயிருக்கும்.

உன் அம்மாவிடம் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏங்க, நீங்க வாய தொறந்தாலே உங்க தம்பிய திட்டத்தான் தொறக்கறீங்க. அதான் புள்ள நம்ப மாட்டேங்கறான்" என்றாள். துணி தெரிகிறதா இல்லையா என்று கேட்டேன். தெரிகிறது என்றாள். பிறகு குரலை இறக்கி, "சொல்றதுன்னா அவன் மூஞ்சிய பாத்து சொல்லுங்க. முடியலன்னா எழுதுங்க. செவுத்தாண்ட பேசினு இருக்காதீங்க" என்றாள். அதுதான் இந்தக் கடிதம்.

எழுதுவதற்கு முன் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போனேன். அப்பா என்று சொல்லவில்லை. யார் நீங்கள் என்று கேட்ட கிளார்க்கிடம் பொதுஜனம் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அறிவிப்புப் பலகையைக் காட்டினார். ஒப்பந்ததாரர் என்ற இடத்தில் உன் சித்தப்பா பெயர் இல்லை, அவன் மைத்துனன் பெயர் இருந்தது. எனக்கு ஆச்சரியம் இல்லை. சித்தப்பாவின் ஒப்பந்ததாரர் பதிவு மூன்று வருடத்துக்கு முன் ஒரு பள்ளிக் கட்டடத் தகராறில் ரத்தானது. அது உனக்குத் தெரியுமா? அவன் சொல்லியிருக்க மாட்டான். புதுப் பெயரில் பதிவு, வாடகை லாரி, யாரோ கூட்டி வந்த ஆட்கள். அந்த வேலை முழுவதிலும் சட்டத்தின் முன் நிற்கிற ஒரே உண்மையான பெயர் உன்னுடையது. நாளைக்கு ஏதாவது ஆனால் மைத்துனன் எனக்குக் கட்டடமே தெரியாது என்பான், அது நிஜம். சித்தப்பா என் பெயரே இதில் இல்லை என்பான், அதுவும் நிஜம். உன்னால் மட்டும் எதையும் சொல்ல முடியாது. உரிமம் என்பது வேலை செய்ய அனுமதிச் சீட்டு என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். வீடு விழுந்தால் யாரைத் தேடிப் போவது என்று அரசாங்கம் எழுதி வைத்துக்கொள்ளும் விலாசம் அது.

இங்கேயே நிறுத்தினால் இது நீ எதிர்பார்க்கும் கடிதம்தான். தம்பி திருடன், மகன் ஏமாளி, அப்பா மட்டும் யோக்கியன். நான் நிறுத்த முடியாததற்குக் காரணம் அந்தப் பெயர். மாப்பிள்ளைக் கம்பி. அந்தப் பெயரை வைத்தவன் நான்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடத்திலிருந்து சோதனைக் கூடத்து மேஜைக்கு அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றிய கம்பித் துண்டுகள் சில இருக்கும். ஒரே உருக்கில் அருமையாக வந்த ஏதோ ஒரு லாட்டிலிருந்து வெட்டி வைத்தவை. வெளியிலிருந்து யாராவது ஆய்வுக்கு வந்து, இந்த லாட்டில் ஒரு துண்டு வளைத்துக் காட்டுங்கள் என்றால், அந்த லாட்டின் மேல் எங்களுக்கே நம்பிக்கை இல்லாத நாட்களில், துணியை அவிழ்த்து இதில் ஒன்றை எடுத்து வளைப்போம். விரிசல் விடாது. அவர் எழுதிக்கொண்டு போவார். மேலே இருந்தவர்கள் சொல்லி வந்த பழக்கம், நான் தொடங்கியது இல்லை. ஆனால் பெண் பார்க்கப் போகிற இடத்தில், வீட்டில் இருப்பதிலேயே லட்சணமானவனை மாப்பிள்ளை என்று முன்னால் உட்கார வைப்பது போல இருக்கிறது என்று சொல்லி, அதற்கு மாப்பிள்ளைத் துண்டு என்று பெயர் வைத்தது நான்தான். ஷிப்டு முழுவதும் சிரித்தார்கள். ஒரு தீபாவளிக்கு உன் சித்தப்பா வந்திருந்தபோது அதை நடித்தே காட்டினேன், துணியை அவிழ்ப்பது, ஆபீஸர் கண்ணாடியைப் போடுவது எல்லாம். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரித்தது பெயருக்கு என்றுதான் நான் நினைத்தேன். அவன் வழியைப் படித்துக்கொண்டிருந்தான்.

அதற்கு அடுத்த வருடம் தோப்புக் காலனியில் பழைய குடிசைகளை எடுத்துவிட்டு வீடுகள் கட்டும் வேலை அவனுக்குக் கிடைத்தது. எஸ்தரின் முதல் வீடு அதில்தான் வந்தது. கம்பி எங்கள் மில்லில் எடுத்தான். எடுத்தது தேறாத லாட், வெளியே போகக் கூடாது என்று நான் ஓரம் கட்டச் சொன்ன கட்டுகள். எப்படி வாங்கினான் என்று எனக்குத் தெரியும், அதை விடு. ஒரு சோதனைச் சான்று வேண்டும் என்று என்னிடம் வந்தான். தனியாக வரவில்லை, காண்டிராக்டர் நண்பர்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்தான். அவர்களிடம், "எங்க அண்ணன் கையெழுத்து போட்டா மெட்ராஸ்ல எந்த ஆபீசும் மறு பேச்சு பேசாது" என்றான். படித்த அண்ணனை வருடக்கணக்கில் சம்பளக்காரன் என்று கேலி செய்தவன், அன்றைக்கு என் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கு நான் தேவைப்பட்டேன். அந்தச் சுகத்துக்காகப் போட்டேன். வேறு எதற்காகவும் இல்லை, என்மேல் ஆணையாகச் சொல்கிறேன், ஒரு மீன் துண்டுகூட அதற்காக நான் வாங்கவில்லை. எண்ணெய்த் துணியை அவிழ்த்து ஒரு துண்டை எடுத்து வளைத்தேன். விரிசல் இல்லை. தேறியது என்று எழுதி, அந்த லாட் எண்ணைப் போட்டு, கையெழுத்திட்டேன். நான் பொய் எழுதவில்லை, வளைத்த துண்டு தேறியது உண்மைதானே என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். நீ எடுத்த படங்களும் அப்படித்தான். படம் எடுத்த நேரத்தில் கம்பி அங்கே இருந்தது உண்மைதானே.

புயலுக்கு மறுநாள் ரயில் இல்லை. தண்ணீரில் பைக்கை உருட்டிக்கொண்டு நான் காலனிக்குப் போனது உனக்குத் தெரியாது. உன் அம்மாவிடம் மில்லுக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன். தேவராஜை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். சாய்ந்த சுவரின் மேல் முனையில் பெல்ட் இரண்டாகப் பிளந்து கிடந்தது. பெல்ட் கம்பி மூலையில் திரும்பி அடுத்த சுவருக்குள் போய் அங்குள்ள கம்பியோடு பிணைந்திருக்க வேண்டும். அப்படிப் பிணைந்தால்தான் நான்கு சுவரும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும், அதில் மாட்டிய கூரையும் நிற்கும். அங்கே கம்பி, மூலையில் வளைத்த இடத்திலேயே முறிந்திருந்தது. முறிவில் புது மினுமினுப்பு பாதிதான். மீதிப் பாதி பழைய துரு. கட்டும்போதே விரிசல் விட்ட கம்பி. ஒரு சாண் துண்டை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். திங்கட்கிழமை சோதனைக் கூடத்தில், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அதை வளைத்தேன். பாதி வளைவதற்குள் சத்தம் போட்டு முறிந்தது. இத்தனை வருடத்தில் நான் கேட்ட எந்தச் சத்தத்தையும் போல அது இல்லை. இப்போது இந்தக் கடிதத் தாள்கள் பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைத்திருக்கிறேன்.

அன்றே உன் சித்தப்பாவிடம் போயிருக்க வேண்டும். எஸ்தரிடம் சொல்லியிருக்க வேண்டும். மாறாக, கேன்டீனில் அவர் கணவர் வைத்தியத்துக்கு வசூல் செய்தபோது எல்லோரையும்விட அதிகமாகப் போட்டேன், அவர் என் கையைப் பிடித்து அழுதார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் விதி விதி என்று கத்தியதுகூட உனக்காக இல்லை. என் குரல் உரக்க இருந்தால் என் மேல் யாருக்கும் சந்தேகம் வராது என்றுதான். எல்லோரையும் சந்தேகப்படுகிறவனை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இதை நான் கண்டுபிடித்து வெகுகாலம் ஆகிறது.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இது அறிவுரை இல்லை, வேலை. முதலில், படித்துக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து எழுந்து உன் ரப்பர் முத்திரை எங்கே இருக்கிறது என்று பார். சித்தப்பாவின் மேஜை டிராயரில் இருந்தால் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள். காணவில்லை என்றால் அன்றைக்கே ஒன்றிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கு. வெற்றுத் தாளில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாயா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. போட்டிருந்தால் அதையும் எழுதிக் கொடு, அவமானமாக இருக்கும், பரவாயில்லை. பிறகு ஒரு உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு நீயே காலனிக்குப் போ. எந்த வீடு என்று அவர்கள் காட்டுவதை ஏற்காதே. அவர்கள் காட்டும் வீட்டில் கம்பி இருக்கும். நீயாக மூன்று வீட்டைத் தேர்ந்தெடு, அதில் ஒன்று எஸ்தர் வீடாக இருக்கட்டும். ஜன்னல் மேலே பெல்ட்டின் மூலையில், ஒரு கை அகலத்துக்கு உடை. நடுவில் உடைத்துப் பார்க்காதே, நடுவில் ஒப்புக்கு ஒரு துண்டு போட்டிருப்பார்கள். மூலையில்தான் தெரியும். கம்பி இருந்து, திரும்பி, பிணைந்திருந்தால், அந்த ஓட்டையை நீயே பூசிவிட்டு வந்து எனக்கு ஒரு வரி எழுது. உன் சித்தப்பா காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். நிச்சயமாகக் கேட்பேன், எனக்கு அது எவ்வளவு கசப்பு என்று உனக்குத் தெரியும். கம்பி இல்லை என்றால் நீ கையெழுத்துப் போடக் கூடாது. போடாமல் இருந்தால் மட்டும் போதாது. ஏன் போடவில்லை என்று அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நீ சும்மா ஒதுங்கிக்கொண்டால் அவன் இன்னொரு பையனுக்கு மீன் வாங்கிக்கொண்டு போவான்.

எஸ்தர் இதற்காக உன்னை வாழ்த்த மாட்டார். அதையும் தெரிந்துகொள். மழைக்கு முன் வீட்டுக்குள் போக வேண்டும் என்று அந்தக் குடும்பம் ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டிருக்கிறது. சாவியை நிறுத்தியது அந்தத் தம்பிதான் என்று காலனியே உன்னைத் திட்டும். தாங்கிக்கொள். தார்ப்பாய் பறந்தால் நனைவார்கள். அந்தப் பெல்ட் பிளந்தால் என்ன ஆகும் என்று தேவராஜின் இடுப்பு சொல்லும்.

நீ இதைத் தெரிந்தே செய்கிறாயா, தெரியாமல் செய்கிறாயா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒன்பதாம் வீட்டுப் படத்தில் துணி உன் கட்டை விரலுக்குப் பக்கத்தில் இருந்தது என்று சொன்னேன். அதைத் தள்ளிவிட்டுப் படம் எடுக்க உனக்கு ஒரு நொடி ஆகியிருக்காது. ஏன் தள்ளவில்லை? கவனிக்காததாலா? அல்லது யாராவது பார்க்கட்டும் என்று விட்டு வைத்தாயா? உன் அம்மா இரண்டாவதைத்தான் சொல்கிறாள். நான் எதையும் நம்புகிறவன் இல்லை, ஆனால் அந்தப் படத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சித்தப்பாவுக்கு நீ தேவைப்படுகிறாய் என்று உனக்குத் தோன்றும். அந்தச் சுகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தேவைப்படுவது நீ இல்லை, உன் முத்திரை. நான் இதைக் கற்றுக்கொள்ள ஒரு மனிதரின் இடுப்பு உடைய வேண்டியிருந்தது.

இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். அந்தப் பழைய சோதனைச் சான்றின் அலுவலகப் பிரதி. கோப்பிலிருந்து எடுத்தேன், ஜெராக்ஸ் இல்லை, அசல் தாள். அதில் தேதியும் லாட் எண்ணும் இருக்கின்றன. அதை வைத்து நீ என்னை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். உன் சித்தப்பாவிடம் காட்டினால் அவன் அதை என் தலைக்கு மேலே வாழ்நாள் முழுவதும் தொங்க விடுவான். நீ காட்டுவாய் என்றும் ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. இருந்தாலும் அனுப்புகிறேன். நாளைக் காலை டீ வரும்போது எஸ்தரை உட்காரச் சொல்லப் போகிறேன். முதல் வீட்டைப் பற்றி அவரிடம் நான்தான் சொல்ல வேண்டும், நீயோ வேறு யாரோ இல்லை. அதற்குப் பிறகு அந்த மேஜை எனக்கு இருக்குமா என்று தெரியவில்லை.

கூரியரில் அனுப்பப் போவதில்லை, உங்கள் தெருவுக்கு வரும் கூரியர் பையன் சித்தப்பா ஆபீஸில்தான் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போகிறான் என்று உன் அம்மா சொன்னாள். ஸ்டேஷன் வாசலில் இருக்கும் தபால் பெட்டியில் நானே போடுகிறேன். உறை மேல் அனுப்புநர் பெயர் எழுதவில்லை. உள்ளேயும் கீழே கையெழுத்துப் போட வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். பயத்தால் என்று நீ நினைக்கலாம், அதில் பாதி நிஜம். மீதிப் பாதி இது: பேனாவை எடுத்து, வழக்கம் போல் முதல் எழுத்தைச் சுழிக்கப் போனபோது, கை எஸ்தர் வீட்டுக்குப் போட்ட அதே சுழியைத்தான் போடப் பார்த்தது. இத்தனை உண்மைக்குக் கீழே அது வேண்டாம். இது யார் எழுதியது என்று உனக்குச் சந்தேகம் வந்தால், கூட இருக்கும் தாளைப் பிரித்துப் பார். என் கையெழுத்து அங்கே இருக்கிறது.